பாயில்லாத கட்டில்

மோவா, என் கோழிக்குஞ்சே,

உன்னையும் என்னையும் இந்த ஞாயிறு வரைக்கும் மூச்சோடு கொண்டுவந்து சேர்த்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அங்கே கல்கூர்லியில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, சுரங்கத்துச் சமையல் கொட்டகையில் நின்று நின்று கால் வீங்குகிறது என்றாயே, அது வடிந்ததா. இங்கே நானும் உன் தம்பி மனாசேயும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நலம் என்றால் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், சபைக்குப் போய் வருகிறோம், அவ்வளவுதான். இன்று ஞாயிற்றுக்கிழமை, துடைப்பத்தைத் தொடக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. மற்ற நாட்களில் ஈரத்துணி என் கையை விட்டு இறங்குவதில்லை, விரல் எல்லாம் ஊறிப்போய் வெளுத்துக் கிடக்கிறது. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ அழுதால் நானும் அழுகிறேன், அப்புறம் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுகிறோம். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது என்று உனக்குத் தெரியும், நான் பிறந்த தீவில் என்னைப் படிக்க வைத்ததைவிடப் பாய் முடைய வைத்ததுதான் அதிகம். தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

போன மாதம் நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. 'அம்மா, அப்பாவோட கல்லறைக்கல் திறக்க வரேன், நீ துக்கக் கறுப்பு களையற அன்னிக்கு பக்கத்துல இருப்பேன், ஆனா வீட்டுல படுக்க மாட்டேன், ஏர்போர்ட் பக்கம் மோட்டல்ல ரூம் எடுத்துக்கிறேன்' என்றாய். நான் சரி என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும், போன வருஷம் நீ வந்தபோது நடந்தது எனக்கு மறந்தா போகும். தூரத்திலிருந்து வந்த பிள்ளை, மூத்த மகள் என்று உன் ஃபுசி அத்தையும் மற்றப் பெண்களும் சேர்ந்து உனக்குப் படுக்கை போட்டார்கள். துக்கத்துக்கு வந்த தாழம்பாய்களில் நல்லதாகப் பார்த்து எடுத்து மெத்தைக்கு அடியில் அடுக்கி, மெத்தைக்கு மேலே மரப்பட்டைத் துணியை நான்காக மடித்துப் போட்டு, அதற்கும் மேலே இன்னொரு மெல்லிய பாய். நீ பார்த்துவிட்டு, 'இதுல ஏறணும்னா ஏணி வேணும் போல அத்தை' என்று சிரித்தாய், அந்த வீட்டில் அன்றைக்குச் சிரித்தது நீ ஒருத்திதான். அடக்கத்தன்று விடியும்போது உனக்கு மூச்சு வாங்கியது, உதடு நீலமாகிவிட்டது, ஆம்புலன்ஸ் வந்தது. உன் அப்பாவைக் குழிக்குள் இறக்கும்போது நீ முகத்தில் ஆக்ஸிஜன் மூடி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாய். அவர் மேல் ஒரு பிடி மண் போட உனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதைப் பற்றி நீ இது வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மோட்டல் விஷயம் உன் அத்தை காதுக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன், மனாசே உளறிவிட்டான். உன் அப்பாவுக்கு அக்கா, இந்த வீட்டில் அவர் சொல்தான் கடைசிச் சொல், உன் அப்பா இருக்கும்போதே அப்படி, இப்போது கேட்க வேண்டுமா. வந்து நாற்காலியில் உட்கார்ந்து, 'சினிவா, பொறந்த வீட்டுல கட்டில் இருக்க, எவனெவனோ பொரண்ட கட்டில்ல போய்ப் படுக்கணுமா என் தம்பி மக? சபையில என் மூஞ்சிய எங்க வெச்சுக்குவேன்?' என்று பிடித்துக்கொண்டார். அவளுக்கு இந்த வீட்டுக்குள் மூச்சு விட முடியவில்லை அண்ணி என்றேன். 'அன்னிக்கு ஏதோ அழுத அழுகையில நெஞ்சு அடைச்சுது. அதுக்கு வீடு என்ன பண்ணும்?' என்றார். ஆனால் அன்றைக்கே மனதுக்குள் தீர்மானம் பண்ணிவிட்டேன், நீ மோட்டலுக்குப் போகக் கூடாது, உன் அப்பா வீட்டில், அவர் கூரைக்கு அடியில் படுத்து எழுந்துதான் கல்லறைக்குப் போக வேண்டும். போன தடவை கிடைக்காதது இந்தத் தடவையாவது உனக்குக் கிடைக்க வேண்டும்.

என் இருமலைக் காட்டக் கிளினிக் போனபோது அங்கே நைரி என்று ஒரு நர்ஸ், மாவோரிப் பெண், உன் வயதுதான் இருக்கும், பல் தெரியச் சிரிக்கிறவள். உன் கதையைச் சொன்னேன். மகள் வருவதற்குள் வீட்டை வந்து பார்க்கிறேன் ஆன்ட்டி என்றாள், சொன்ன மாதிரியே வந்தாள். வாசலில் நின்று முதலில் மூக்கால்தான் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் தண்ணீர் வழிவதை விரலால் தொட்டாள், துணி அலமாரியை நகர்த்தச் சொன்னாள், அதற்குப் பின்னால் சுவர் கரிச்சட்டி மாதிரி இருந்தது. ஹீட்டருக்கு முன்னால் நாற்காலியில் காயப்போட்ட மனாசேயின் ஏர்போர்ட் உடுப்பைப் பார்த்து, இந்தத் துணியில் இருக்கிற தண்ணீர் எல்லாம் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். எங்கே போகும், காய்ந்து போகும் என்றேன். 'சுவத்துக்குப் போகுது ஆன்ட்டி, சுவத்துல இருந்து உங்க நெஞ்சுக்குப் போகுது' என்றாள். அப்புறம் என் மெத்தையைத் தூக்கினாள். 'ஆன்ட்டி, இது கட்டிலா, கடையா?' என்றாள். கல்யாணப் பாய், ஞானஸ்நானப் பாய், துக்கப் பாய், மடித்த மரப்பட்டைத் துணி என்று என் வாழ்க்கை முழுக்க அங்கேதான் இருந்தது. வேறு எங்கே வைப்பது, நம் ஆட்கள் எல்லார் வீட்டிலும் அங்கேதானே இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத பூச்சியாம் மோவா, பாயிலும் மெத்தையிலும் இருந்துகொண்டு, நம் உடம்பிலிருந்து உதிர்கிற தோலைத் தின்றுகொண்டு, நம் சூட்டிலும் இந்த ஊர் ஈரத்திலும் பெருகுகிறதாம், அது போடுகிற கழிவுதான் சில பேர் மூச்சைப் பிடிக்கிறதாம். உன் அத்தை அப்போது இங்கேதான் இருந்தார். 'பூச்சியா? ஜெபம் பண்ற வீட்டுல பூச்சியா?' என்று எழுந்தேவிட்டார். எல்லார் வீட்டிலும் உண்டு, அரண்மனை மெத்தையிலும் உண்டு என்று அந்தப் பெண் தெரியாமல் சொல்லிவிட்டாள். 'எங்க ராஜா அரண்மனையப் பத்தி நீ பேசாதடி பொண்ணு' என்று அத்தை போட்ட போட்டில் அவள் தேநீரைக் கீழே வைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அன்றிலிருந்து ஆரம்பித்த வேலை. படுக்கை விரிப்பு, போர்வை எல்லாம் வாரா வாரம் கை பொறுக்காத வெந்நீரில் துவைக்க வேண்டும், வெதுவெதுப்பில் துவைத்தால் அந்தப் பூச்சி குளித்துவிட்டுப் போகுமாம், சாகாதாம். சுவரின் கறுப்பை வினிகர் போட்டுத் துடைக்கிறேன், துடைத்த இடம் வெளுக்கிறது, இரண்டு மழைக்கு மறுபடியும் நிழல் மாதிரி வருகிறது, மறுபடியும் துடைக்கிறேன். தூசியை உதறித் தட்டக் கூடாது, ஈரத்துணியால்தான் ஒற்றி எடுக்க வேண்டும், தட்டினால் இங்கே இருந்தது அங்கே போய் உட்காரும், இத்தனை வருஷமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன். காலையில் இந்தக் குளிரிலும் எதிரும் புதிருமாக ஜன்னலைத் திறந்து வைக்கிறேன், மனாசே போர்வைக்குள்ளிருந்து, 'அம்மா, பூச்சி சாகறதுக்குள்ள நான் செத்துடுவேன்' என்று கத்துகிறான். தரை விரிப்பைப் பிய்க்க வழியில்லை, வீடு அரசாங்கத்துடையது, நல்ல இழுவை உள்ள, தூசி உறிஞ்சுகிற மெஷின் ஒன்றை நைரி எங்கேயோ கேட்டு இரவல் வாங்கிக் கொடுத்தாள், அது முதல் நாளே வயிறு நிரம்பி நின்றுவிட்டது. திரைச்சீலையைக் கழற்றிவிட்டேன், தெருவில் போகிறவர்களுக்கு நம் வீடு முழுக்கத் தெரிகிறது, தெரியட்டும், பார்க்க என்ன இருக்கிறது. எனக்கு முதுகு விட்டுப்போகிறது. உன் அப்பா இருந்திருந்தால் அலமாரியின் அந்தப் பக்கத்தை அவர் பிடித்திருப்பார். ஒரு மூலையை முடித்துவிட்டு அவரிடம் காட்டத் திரும்புகிறேன், அப்புறம் மறு மூலைக்குப் போகிறேன்.

எல்லாம் செய்தேன், கட்டில்களை மட்டும் தொடவில்லை. பாய்கள் வெளியே போக வேண்டும், கேரேஜில்கூட வேண்டாம், அங்கேயும் ஈரம் என்று நைரி சொல்லிவிட்டாள். எப்படி எடுப்பேன் மோவா. அதில் பாதி உன் அப்பாவின் சவப்பெட்டிக்கு அடியில் விரித்தவை. இன்னும் கல்லே திறக்கவில்லை, கறுப்புக்கு மேலே இடுப்பில் நான் இன்னும் துக்கப் பாய் கட்டியிருக்கிறேன், அதற்குள் அவர் பாய்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தால், புருஷனை விரட்ட இவளுக்கு ஒரு வருஷம்கூடப் பொறுக்கவில்லை என்று சொல்ல மாட்டார்களா. அத்தையிடம் கேட்கவும் தைரியம் இல்லை. இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்தது, இரண்டு தடவையும் தேநீர் போடவா அண்ணி என்று கேட்டுவிட்டேன்.

நேற்று முன்தினம் மழை விட்டு நல்ல வெயில். வெள்ளிக்கிழமை நைரி வருகிற நாள், அத்தையும் இருந்தார். நைரி என்ன நினைத்தாளோ, ஒரே ஒரு பாயை மட்டும் வெயிலில் போட்டுப் பார்ப்போம் ஆன்ட்டி, திரும்ப உள்ளே வைத்துவிடலாம் என்றாள். மனாசே பெரிய பாயை உருவிக்கொண்டு வந்தான். அவனும் நைரியும் ஆளுக்கொரு முனை பிடித்து முற்றத்தில் ஒரு உதறு உதறினார்கள். வெயிலில் புகை மாதிரி எழுந்தது பார், நான் என் வாழ்நாளில் அப்படிப் பார்த்ததில்லை. அத்தை காற்று போகிற பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தும்மல் போட்டார். அப்புறம் ஒன்று. அப்புறம் நிற்கவே இல்லை, சபையில் முன் வரிசையில் அசையாமல் உட்காருகிற அந்த அம்மா, தலைமுடி அவிழ்ந்து தோளில் விழ, கண்ணில் தண்ணீர் வழிய, தும்மிக்கொண்டே இருந்தார். மனாசே பாய்க்குப் பின்னால் குனிந்து சிரித்தான். 'சிரிக்கிறியாடா கழுதை, இங்க வாடா' என்று சொல்ல ஆரம்பித்து அதையும் தும்மலில் விட்டுவிட்டார். நைரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தை குடித்துவிட்டு அந்தப் பாயைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். அதில் ஒரு ஓரத்தில் பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. 'ஊர்ல மாசா மாசம் வெயில்ல போடுவோம்' என்றார், யாரிடமும் இல்லாமல். 'இதுங்களுக்கு வெயிலே காட்டல. நாமளும் இங்க வந்து வெயில் பாக்கல.'

அப்புறம் அவர் செய்ததைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுந்து நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நம் சபைக்காரிக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாக, 'இந்தப் பாயெல்லாம் எனக்கு வேணும். என் தம்பி வீட்டுல எனக்கு எது வேணுமோ அத எடுப்பேன். மனாசே, கட்டிலுக்கு அடியில இருக்கிறத ஒண்ணு விடாம வண்டியில ஏத்துடா' என்றார். அக்கா கேட்டால் தம்பி வீட்டில் எதையும் கொடுக்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது, அது நம் வழக்கம், உனக்குத் தெரியும். ஆனால் உன் அப்பா உயிரோடு இருந்த காலம் முழுக்க ஃபுசி அத்தை இந்த வீட்டிலிருந்து ஒரு தட்டுகூட எடுத்துப் போனதில்லை. அந்தச் சபைக்காரி வாயில் கையை வைத்துக்கொண்டாள், இன்று காலை ஆராதனை முடிந்து வரும்போது பேச்சு என் காதுக்கும் வந்துவிட்டது, விதவை வீட்டை வழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். பாய்கள் எல்லாம் ஏறின பிறகு, வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு என்னை அருகில் கூப்பிட்டார். 'நீ வெளிய போட்டா உன்னைப் பேசுவாங்க சினிவா. நான் எடுத்துட்டுப் போனா என்னைப் பேசுவாங்க. என்னைப் பேசி அவங்களுக்குப் பழக்கம்தான். என் மேல் ரூம்ல வெயில் அடிக்கும், அங்க விரிச்சுப் போடறேன். புள்ள வந்து படுக்கட்டும்' என்றார். நான் குனிந்து அவர் கையை முத்தமிட்டேன், 'போ போ, அங்க சுவரு கெடக்கு, போய்த் துடை' என்று கையை இழுத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் எடுத்தவர் உன் அப்பா தலையணையை மட்டும் தொடவில்லை. தெரியுமில்லையா, நாங்கள் தீவை விட்டு வரும்போது நான் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்தது, உறை எத்தனையோ மாற்றினேன், பஞ்சு அதேதான். பழைய தலையணையை எல்லாம் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று நைரி சொல்லியிருந்தாள். போட மனம் வராத பொம்மை மாதிரிச் சாமானை ஒரு இரவு ஐஸ் பெட்டியில் வைத்து எடுக்கலாம், பூச்சி செத்துப்போகும் என்றும் சொல்லியிருந்தாள். நான் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். தலையணையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கேரேஜில் இருக்கிற பெரிய ஐஸ் பெட்டியில் வைத்தேன். மனாசே இறைச்சி எடுக்கத் திறந்துவிட்டு ஓடி வந்தான், 'அம்மா, அப்பா தலகாணி மீனுக்குப் பக்கத்துல கெடக்கு' என்று. சிரிக்கத்தான் வந்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் மீனை வேறு பக்கம் நகர்த்தி வைத்தான். நேற்று எடுத்தேன். கல் மாதிரி இருந்தது. மடியில் வைத்து இளக விட்டு முகத்தை வைத்துப் பார்த்தேன், மோவா, ஒன்றும் இல்லை. தேங்காயெண்ணெய் வாசம் இல்லை, அவர் வாசம் இல்லை, வெறும் குளிர்தான் இருந்தது. ஐஸில் போனதா, இல்லை ஒரு வருஷமாக நானே முகர்ந்து தீர்த்துவிட்டேனா தெரியவில்லை. பையோடு குப்பைத் தொட்டியில் வைத்துவிட்டு வந்து சுவரைத் துடைத்தேன்.

என் கட்டிலைப் போலவே உன் கட்டிலும் இப்போது வெறுமையாக இருக்கிறது. மெத்தைக்கு ஜிப் வைத்த உறை, தலையணைக்கும் அதே மாதிரி, மேலே வெந்நீரில் துவைத்த வெள்ளை விரிப்பு, அவ்வளவுதான். அடியில் ஒன்றும் கிடையாது, குனிந்தால் சுவர் தெரியும். நம் கண்ணுக்கு அது யாரோ வழிப்போக்கனுக்குப் போட்ட படுக்கை மாதிரித்தான் இருக்கிறது, நீ பார்த்து மனம் வருந்தாதே. மரியாதை குறைந்து அப்படிப் போடவில்லை, உனக்குத் தெரியும். ஒரு ராத்திரி படுத்துப் பார். நெஞ்சு இழுத்தால் ஒரு வார்த்தை சொல், நானே உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மோட்டலுக்கு வருகிறேன், அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

விமானத்தில் குளிரும், அப்பாவின் கம்பளிச் சட்டை உன்னிடம் இருக்கிறதே, அதைத் துவைத்துப் போட்டுக்கொள், துவைக்காமல் போடாதே. கொட்டகையில் கடைசி ஆளாகச் சாப்பிடாதே, ஆறின சோறு சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறாய். வரும் அன்று தேங்காய்ப்பாலில் சேப்பங்கிழங்கு இலையும் இறைச்சியும் கட்டி வைக்கிறேன். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், உன் அப்பாவின் ஜெபம் இன்னும் உன் தலைமேல்தான் இருக்கிறது. மூச்சுக்கு உறிஞ்சுகிற நீல மருந்துக் குழலைப் பெட்டிக்குள் போடாதே, கைப்பையில் வை, மறக்காதே.

கறுப்பு உடுத்தியிருக்கும் உன் அம்மா,
சினிவா

திங்கள் காலை. உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதையும் எழுதிவிடுகிறேன். உனக்கு முன்னால் யாராவது படுத்துப் பார்க்க வேண்டுமே என்று நேற்று உன் கட்டிலில் நான் படுத்தேன். உறை சரசரவென்று சத்தம் போட்டது, தூங்க மாட்டேன் என்றுதான் நினைத்தேன். விடிந்தது தெரியவில்லை. மனாசே கதவைத் தட்டினான், 'அம்மா, இருக்கியா? இருமல் சத்தமே காணோம்' என்று. எழுந்து உட்கார்ந்தேன், மூச்சு சும்மா போய்ச் சும்மா வந்தது, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு உன் அப்பா ஞாபகம்தான் வந்தது. தினமும் விடியும்போது கட்டில் ஓரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து இருமுவாரே, உனக்கும் ஞாபகம் இருக்கும். மரக்கடையில் தின்ற மரத்தூள், வேற ஒண்ணும் இல்ல, நீ தூங்கு என்பார், நானும் தூங்கினேன். வேலையை விட்ட பிறகும் இருமினார், பழைய தூள் இன்னும் வருகிறது என்றார். கடைசியில் நெஞ்சில் சளி கட்டி மூச்சு நின்றது. அவரும் அந்தப் பாய்களுக்கு மேலேதானே அத்தனை வருஷம் படுத்தார், அந்தத் தலையணையில்தானே முகத்தை வைத்தார். மோவா, அது மரத்தூள்தானே?